இன்னும் இருபத்திரண்டு நாள்

அன்பு மனைவிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமென்று நேற்று போனில் சொன்னாய். உன் குரல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாமென்றால் மூன்றாவது நிமிடமே வாலு பிடுங்கிக்கொள்கிறாள். நம் மகளுக்கு ஒன்பது வயசுதான், ஆனால் அவள் கையிலிருந்து போனைத் திரும்ப வாங்குவது, நடுமாடியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆளை இறக்குவதைவிடக் கஷ்டம். தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மெஷின் அறையில், கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். கயிறு மாற்றுகிற வேலை. புதுக் கயிறு வண்டியில் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை கை சும்மாதான் இருக்கிறது.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வாலுவுக்கு இன்னொரு பல் விழுந்தது. என் அக்கா வாரத்துக்கு இரண்டு நாள் வந்து எங்களைப் பார்த்துக்கொள்கிறாள். கூடவே சமையலறை அலமாரியையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துவிட்டுப் போகிறாள். போன ஞாயிறு சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டு டீ குடித்தேன். குடித்தேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி. வாலு எதிரே உட்கார்ந்திருந்தாள். மானம் போய்விடக் கூடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நீ படிக்கப் போன செயற்கைக் கால் வகுப்பெல்லாம் முடிந்துவிட்டது, செய்முறைத் தேர்வைக்கூட முன்னாலேயே வைத்துவிடுவதாக உன் ஆசிரியர் சொல்லிவிட்டார், இருபத்திரண்டு நாள் முன்கூட்டியே கிளம்பட்டுமா என்று கேட்டாய். வாலு குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கும் ‘வந்துவிடு’ என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் வாலு, பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள், உன் ஜன்னலில் இருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டாள். “சுவருதான் தெரியும் கண்ணு” என்றாய்.

அரை மணி கழித்து உன் ஜன்னலைப் படம் பிடித்து அனுப்பினாய். அதில் சுவரே இல்லை. பெரிய மரம் ஒன்று, அதன் அடியில் ஒரு பெஞ்சு, அதில் ஒருத்தர் தன் நாய்க்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். திரைச்சீலையை இன்றைக்குத்தான் முழுசாக விலக்கினேன் என்று கீழே எழுதியிருந்தாய்.

நாலரை மாதம் அந்த அறையில் இருந்திருக்கிறாய்.

குற்றம் உன்னுடையது இல்லை. தினமும் போனை எடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, இன்னும் எத்தனை நாள் என்பதுதான். சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வர வாலுவுக்குக் கற்றுக் கொடுத்ததும் நானே. போன வாரம் பார்த்தேன், பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில், காலையிலேயே அன்றைய தேதியை அடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இன்னும் முடியவில்லையேடி என்றேன். “முடிஞ்ச மாதிரிதான்ப்பா” என்றாள். நீயும் அங்கே அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றியது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். போன புதிதில், பாலத்து மேலே நடந்து கல்லூரிக்குப் போவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் பேசிக்கொண்டே போனாய். நான் உம் கொட்டாமல் இருந்தேன். அதோடு சரி. அதற்குப் பிறகு உன் வாயிலிருந்து குளிரும் இருமலும் புரியாத பாஷையும்தான் வந்தன. நீ அங்கே சந்தோஷமாக இருந்தால் இங்கே எனக்கு வலிக்கும் என்று, பிடித்ததையெல்லாம் பிடிக்காத மாதிரி வைத்துக்கொண்டாய். அன்றைக்கு வலித்ததும் உண்மைதான். பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேறு பேர் தெரியவில்லை.

டிக்கெட்டை மாற்றாதே. இருந்துவிட்டு வா. புதிதாக எதையும் சாதிக்க வேண்டாம். மெதுவாக நட, அது போதும். வாலு அழுவாள். அழட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எத்தனை நாள் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

கயிறு வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ.

உன் கணவன்

*

என் வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அன்றைக்கே மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான் வந்தது. பெண்டாட்டி வருகிறேன் என்றால் வராதே என்று சொல்கிற மனுஷன் உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள் என்று திட்டினேன். இரண்டாவது தடவை அந்தப் பாலத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. போனில் ‘சரி, இருந்துவிட்டு வருகிறேன்’ என்று மட்டும் சொன்னேன் அல்லவா? மீதியை இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் பயிற்சிக் கூடத்துக்குப் பூக்கடைக்காரம்மா வந்தார். என் தேர்வே அவர்தான். சர்க்கரை வியாதியால் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவருக்கு நான் செயற்கைக் கால் செய்து, மாட்டி, நடக்கவைத்துக் காட்ட வேண்டும். அறுபது வயது, வாய் உங்கள் அக்காவையும் மிஞ்சும். நான் அளவெடுக்கத் தொட்டாலே கை ஐஸ் மாதிரி இருக்கிறது என்று ஒரு பாட்டம் திட்டுவார். நான் குனிந்தபடியே அளவைக் குறித்துக்கொள்வேன். மூன்று மாதமாக இப்படித்தான். கால் தயாராகிவிட்டது. முன்கூட்டியே கிளம்பலாம் என்று உங்களிடம் சொன்னது அந்தத் தைரியத்தில்தான்.

அன்றைக்கு மாட்டி எழுந்து நின்றார். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். வழக்கம்போல நான் குனிந்து முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று எனக்குப் போக வேண்டிய அவசரம் இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

உட்காரச் சொன்னேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். திரும்பவும் கேட்டேன். அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். “மூணு மாசமா என் காலைத்தான் பாத்தே. இன்னிக்குத்தான் மூஞ்சியைப் பாக்குறே. நீ ஊருக்குப் போற அவசரத்துல இருந்தே, உனக்கு ஒரு குழந்தை இருக்குன்னு வேற சொன்னாங்க. நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிடலாம்னு இருந்தேன்.”

நான் விமானம் ஏறிப் போன பிறகு அந்தக் காலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பழையபடி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஊரில் நான் வேலை பார்க்கிற மருத்துவமனையிலும் எத்தனை பேரை இப்படிச் சிரிக்கவைத்து அனுப்பினேனோ, தெரியவில்லை.

ஆசிரியரிடம் போய், நான் செய்தது சரியில்லை, முதலிலிருந்து செய்கிறேன் என்றேன். நாள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

இந்தத் தடவை அளவு நாடாவை எடுக்கும் முன் அவர் கடைக்குப் போனேன். ஒரு முக்காலியைப் போட்டு, கூலிக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்தாயிற்று. நாலு நாள் சாயங்காலம் போனேன். பூ வாளிகள் எல்லாம் அவருக்கு இடது பக்கம்தான். ஒவ்வொரு தடவையும் கனத்தோடு இடப்பக்கம்தான் திரும்புகிறார். அதை எந்த நாடா எனக்குச் சொல்லியிருக்கும்? மறுபடி மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, கால் நுழைகிற கிண்ணத்தைப் புதிதாகச் செய்தேன். திரும்பும்போது அழுந்துகிற இடத்தில் அச்சின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக மாவு அப்பி, அரத்தால் இழைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. தலைமுடியெல்லாம் மாவு. கடைக்கு வருகிறவர்கள் எனக்கும் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். பாஷை பாதிதான் புரியும், இருந்தாலும் ஒரு கல்யாணச் சண்டை முழுவதும் எனக்குத் தெரியும். வந்து சொல்கிறேன்.

காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, பாலத்தின் நடுவில் நின்றுவிட்டுப் போகிறேன். நீங்கள் படத்தில் பார்த்த நாய்க்காரர் ஓய்வு பெற்ற பல் வைத்தியராம். வாலுவின் பல் விழுந்ததைச் சொன்னேன். எந்தப் பல் என்று அக்கறையாக விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதுங்கள்.

முந்தாநாள் தேர்வு. கடை வாசலில்தான் நடக்கவேண்டும் என்று அந்தம்மா அடம்பிடித்துவிட்டார். ஆசிரியர் தெருவில் நின்று பார்த்தார். அந்தம்மா கைத்தடியோடு தெருமுனை வரை போனார். அங்கே தபால்பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். வரும்போது நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடிக்கவில்லை. கடைக்குள் வந்ததும் கைத்தடியைப் பூவோடு பூவாக வாளியில் செருகிவிட்டு, ஒரு வாடிக்கைக்காரருக்குப் பூ கட்டப் போய்விட்டார். எனக்கு ஒரு நன்றி இல்லை. என் சட்டையில் ஒரு பித்தான் போயிருக்கிறது, இந்த லட்சணத்தில் ஊருக்குப் போகாதே என்று மட்டும் சொன்னார். பித்தானையும் அவரே தைத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் நின்று அழுதேன். இங்கே வந்ததிலிருந்து பல தடவை அழுதிருக்கிறேன், எல்லாம் உங்கள் இருவருக்காக. இந்த ஊருக்காக அழுதது இதுதான் முதல் தடவை. நான் இங்கே சந்தோஷமாக இருந்தேன். கடைசி இரண்டு வாரம் மட்டுமில்லை, முதல் நாளிலிருந்தே. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்கிறேன், இன்னும் ஐந்து நாள்.

வந்ததும் வாலுவை விட மாட்டேன். அவள் போதும் போதும் என்று ஓடுகிற வரை கட்டிக்கொண்டிருப்பேன். அதனால் முதல் இரண்டு நாள் என்னிடம் எதையும் விசாரிக்காதீர்கள். அதற்குப் பிறகு, அவள் பள்ளிக்குப் போயிருக்கும்போது, இந்த ஊரைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள். சொல்லும்போது என் குரல் மாறலாம். நடுவில் பேச முடியாமலும் போகலாம். அப்போது பேச்சை மாற்றாமல், எழுந்து போகாமல், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

உங்களிடம் வந்துகொண்டிருக்கும்
உங்கள் மனைவி