உயிரோடிருப்பவர்களின் சீட்டு

என் மனைவி உஸ்தீன்யாவுக்குத் தரைதொட்ட வணக்கம். இடுப்பு வலி குறைந்ததா? இதை எழுதுவது கூலி எழுத்தர் அல்ல, நானே! அறுபத்திரண்டு வயதில் எழுத்து வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று மாலை ஆகிறது. பாதிரியார் மகள் படித்துக் காட்டும்போது கதவைச் சாத்திக்கொள்.

எங்கள் எசமான் நாவல் எழுதுகிறார். பழைய பேரரசர் சதுப்பில் இந்தப் பீட்டர்ஸ்பர்க்கைக் கட்டிய கதை. செத்த கூலியாட்களின் எலும்பின்மேல் நிற்கும் ஆட்சி விழும் என்று ஆவிகளே தமக்குச் சொல்வதாக விருந்தாளிகளிடம் பேசுவார். அவர் அறையில் குளிருக்கு அடுப்பு மூட்டப் போனவன் மேசையிலிருந்த தாளைப் படித்தேன். சதுப்பில் மூழ்கிய கூலியாள் ஒருவன் அரண்மனைக் கதவைத் தட்டுகிறான். அவன் பெயர் திரிஃபோன், சவேலியின் மகன்.

"என் தாளையா படிச்சே, கிழவா? இனிமே பூட்டித்தான் வைக்கணும்" என்று உள்ளே வந்த எசமான் சிரித்தார்.

"எசமான், அது ஜப்பான் சண்டைக்குப் போன எம்மகன் பேருங்க. ஒரு வருசமா சேதியில்ல. அடுப்பு மூட்டறப்போ தினம் அவனுக்காக வேண்டிக்குவேன். உங்க காதுல விழுந்திருக்கும்."

அவர் சிரிப்பு நின்றது. "இதை எழுதினப்போ நீ காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கிடந்தியே, சவேலி."

உடனே பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டார். கவலைப்படாதே. ஆனால் அந்தக் கோட்டுக்கு அடியிலும் என்னால் அதைப் படிக்க முடிகிறது.

இந்தக் கடிதத்தோடு கோயில் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். உயிரோடிருப்பவர்களுக்கான பிரார்த்தனைச் சீட்டு. நம் மகன் பெயரை நானே பெரிதாக எழுதினேன். பாதிரியார் அதை இறந்தவர்கள் சீட்டோடு சேர்க்காமல் பார்த்துக்கொள். அவன் கம்பளிக் காலணியை யாருக்கும் கொடுத்துவிடாதே. எசமான் மணி அடிக்கிறார்.

சவேலி