வேகாத ராஜ்மா

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுத நேரமில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? வெட்கம் அப்பா. வேறொன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் மாமனார் மாமியார் கோயமுத்தூரிலிருந்து எங்கள் விஷ்ராந்த்வாடி ஃபிளாட்டுக்கு முதல் தடவையாக வந்திருந்தார்கள். நான் ஆறு மாதம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஒரு ஸ்லோ குக்கரோடு திரும்பியிருந்தேன். அந்த ஊர் கரண்டுக்குச் செய்த சாமான் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் வேறு வாங்கி மாட்டினேன். "காலையில போட்டு மூடினா போதும், மத்தியானம் தானா வெந்து நிக்கும்" என்று எல்லோரிடமும் ஒரே தம்பட்டம்.

ராஜ்மாவும் சாசேஜும் போட்ட ஸ்டூ. சாசேஜ் உங்கள் பொறுப்பு. கட்கி ஃபாக்டரியில் முப்பது வருஷம் உங்களோடு வேலை பார்த்த டிமெலோ அங்கிளின் கோர்படி வீட்டில், ஆன்ட்டி தன் கையால் செய்யும் கோவா சாசேஜ். அம்மா போன பிறகு ஞாயிறு தவறாமல் நீங்கள் போய் உட்கார்ந்து சீட்டாடிய ஒரே வீடு அது. முதல் நாளே உங்கள் கட்கி வீட்டிலிருந்து பஸ் மாறிப் போய் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டீர்கள்.

காலையில், ஊறின ராஜ்மாவை நான் அப்படியே பானையில் கொட்டியதைப் பார்த்தீர்கள்.

"குக்கர்ல நாலு விசில் வுட்டுட்டுப் போடேம்மா."

"ஐயோ அப்பா! விசில் விடறதுக்கா இதைப் பிளேன்ல தூக்கிட்டு வந்தேன்? சும்மா இருங்க."

சும்மா இருந்தீர்கள்.

சாப்பாட்டில் பன்றிக்கறி என்றதும் மாமனார் தயங்கினார். "தைரியமா சாப்புடுங்க சம்பந்தி. என் சிநேகிதன் வூட்டு சரக்கு, நான் கியாரண்டி" என்றீர்கள். ராஜ்மா பல்லில் நறுக்கென்றது. எல்லோரும் மென்று விழுங்கினோம்.

மூன்று மணிக்குள் வீடே வாந்தி. பாத்ரூம் வாசலில் வரிசை. நான் என்ன செய்தேன்? எல்லார் முன்னாலும் உங்களைப் பார்த்துக் கத்தினேன். "அந்த சாசேஜ்தான்! எவ்ளோ நாள் பழசோ, பார்த்து வாங்க மாட்டீங்களா?" நீங்களும்தான் வாந்தி எடுத்திருந்தீர்கள். அந்த நிலையில் கைகூப்பி, "மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்றீர்கள். என் நாக்கு அழுகியிருக்கக் கூடாதா?

இனிமேல் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்து அந்த ஸ்லோ குக்கரோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். ராஜ்மாவை முதலில் தனியாகத் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கெடும் என்று கட்டம் போட்டு எச்சரித்திருந்தது. படித்தேன், மூடி வைத்தேன். உங்களுக்கு ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மாமியார் முன்னால் கெட்டிக்காரியாக இருக்க வேண்டுமே! அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தீர்கள். மாமனார் வரும்போதெல்லாம் "உங்கப்பா சாசேஜ்" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீங்கள் கோர்படிக்குப் போவதையே நிறுத்திவிட்டீர்கள். கேட்டதற்கு முழங்கால் வலி என்றீர்கள். ஆன்ட்டி செய்தது கெட்டுப்போயிருந்தது என்று சிநேகிதனிடம் சொல்லவும் மனமில்லை, சொல்லாமல் அந்த வீட்டில் உட்காரவும் முடியவில்லை. எனக்கு அது புரிந்தது அப்பா. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் காரியத்துக்கு அங்கிள் வந்து ஓரமாக நின்று அழுதார். அப்போதும் திறக்கவில்லை.

போன வாரம்தான் கோர்படிக்குப் போனேன். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கா அவன் வரல? நான் வேற நினைச்சேன் மகளே. கடைசி தடவை சீட்டாட்டத்துல அவன் மேல கத்திட்டேன். அதான் கோவம்னு நினைச்சேன். மாஃபி கேக்க, மன்னிச்சிடுன்னு சொல்ல, ரெண்டு தடவை கட்கி வந்தேன், உங்க வீட்டு வாசல் வரைக்கும். பெல் அடிக்க தைரியம் வரல."

நீங்கள் உள்ளேதானே இருந்திருப்பீர்கள் அப்பா? தனியாக, டிவியைப் போட்டுக்கொண்டு?

அடுத்த மாதம் உங்கள் திதிக்கு மாமனார் மாமியார் வருகிறார்கள். அங்கிளையும் ஆன்ட்டியையும் கூப்பிட்டிருக்கிறேன். இலை போடுவதற்கு முன்னால், எல்லார் காதிலும் விழும்படி, தப்பு என்னுடையது என்று சொல்வேன். ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதைச் சொல்லி முடிக்கும்வரை உங்கள் படத்துக்கு மாலை போட மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
வசந்தி