கண்ணை மூடி எடுத்த வில்

அன்பு மகள் காரினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், நாய் நலம், உன் அப்பா வலது தோள் நீங்கலாக நலம். ஆக்லாந்தில் நீ தோள் உட்பட நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். சென்ற சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு உன் அப்பா, தாம் எப்போதும் வாங்கும் கம்பெனி அல்லாத வேறொரு கம்பெனி வில்லைத் தொட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பிக்கப் வண்டியின் கண்ணாடியில் அந்தக் கம்பெனி ஸ்டிக்கர், தலையில் அதன் தொப்பி, நீ பட்டம் வாங்கிய படத்திலும் அதே தொப்பி என்று முப்பத்தொரு வருடம் வாழ்ந்த மனிதர், ஆகவே எழுதாமல் இருக்க முடியவில்லை.

மார்ச்சில் தோளில் கத்தி வைத்த பிறகு, ஐம்பது பவுண்டுக்கு மேல் இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், அவருடைய பழைய வில்லை இழுக்க எழுபது பவுண்டு விசை வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். வில் வேட்டை தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. இழுக்க முடியாவிட்டால் துப்பாக்கிபோல் விசையைத் தட்டி எய்யும் குறுக்குவில் வாங்க வேண்டும், அல்லது இந்த வருடம் வேட்டைக்கு ஓக் மேட்டுக்குப் போகாமல் வீட்டில் உட்கார வேண்டும். குறுக்குவில் வைத்திருப்பவர்களைப் பற்றி அவர் இத்தனை வருடமாகக் கேலியாகச் சொல்லி வந்தது விஸ்கான்சின் முழுக்கத் தெரியும் என்பதால் முதல் வழி அடைபட்டிருந்தது. இரண்டாவதை நினைத்துக்கொண்டு ஆகஸ்ட் முழுதும் சரியாகச் சாப்பிடவில்லை.

தீவனக் கடைக்குப் பின்னால் வில் கடை வைத்திருக்கும் நதீனிடம் போனோம். எல்லாக் கம்பெனி வில்லும் விற்கிறவள், எதையும் புகழாதவள். இப்படிப்பட்ட வியாபாரியை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகப் போட்டிக் கம்பெனி வில்லை வைத்துக்கொண்டு அப்பாவோடு மல்லுக்கு நிற்கும் உன் டுவெய்ன் மாமாவும் சும்மா பார்க்க வந்தேன் என்று வந்து மேசையில் சாய்ந்து நின்றான். என் தம்பி சும்மா எங்கும் போவதில்லை. அப்பா முதலில் நம் கம்பெனியின் ஐம்பது பவுண்டு வில்லைத்தான் எடுத்தார் (நம் கம்பெனி என்கிறேன், அதில் நமக்கு ஒரு பங்குகூடக் கிடையாது). இழுக்கத் தொடங்கியதுமே பாரம் முழுவதும் ஒரேயடியாக வந்து உட்கார்ந்தது, தோள் நடுங்கி, முகம் வெளுத்து, அம்போடு மெல்ல இறக்கிவிட்டார். இன்னும் பழகவில்லை என்றார். மாமா, குறுக்குவில் என்றால் ஒரு கையில் காப்பி வைத்துக்கொண்டே வேட்டையாடலாம் என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

நதீன் அப்பாவைக் கையை விரிக்கச் சொல்லி நாடா வைத்து அளந்தாள். எழுபது அங்குலம், இரண்டரையால் வகுத்தால், நாண் பின்னால் வர வேண்டிய இழுப்பு நீளம் இருபத்தெட்டு. அவர் முப்பத்தொரு வருடமாக இருபத்தொன்பதரை என்று சொல்லி, அதற்கேற்ற வில்லைத்தான் இழுத்து வந்திருக்கிறார். இந்த ஊர் ஆண்கள் இழுப்பு நீளத்தை, பிடித்த மீனின் நீளம் போலத்தான் சொல்கிறார்கள். மீனின் நீளத்தைக் கூட்டிச் சொன்னால் தோள் வலிக்காது, அதுதான் வித்தியாசம்.

பிறகு ஐந்து கம்பெனி வில்லை ஒரே அளவுக்கு மாற்றி வைத்து, அம்பு தைக்கும் குறிக்கட்டுக்கு மூன்றடி முன்னால் அவரை நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னாள். பெயர் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று அப்பா கேட்டார்.

“கண்ணத் தொறந்தா நீங்க ஸ்டிக்கரத்தான் இழுப்பீங்கண்ணே. தோளுக்குப் படிக்கத் தெரியாது.”

ஒவ்வொன்றையும் இழுத்து, மான் நகரும்வரை காத்திருப்பதுபோல் அவள் முப்பது எண்ணும்வரை பிடித்து, எய்தார். வரிசையை மாற்றி மூன்று முறை. மூன்று முறையும் ஒரே வில்லைத்தான் இதுதான் என்றார், தோள் அசையவேயில்லை. கண்ணைத் திறந்தார். அது டுவெய்ன் மாமாவின் கம்பெனி.

“வாங்க மச்சான்,” என்றான் மாமா. “இருபத்திரண்டு வருஷமா உங்களுக்காகத்தான் கதவத் தொறந்து வச்சிருக்கேன்.”

அப்பா வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வில்லு நல்லாருக்கு. அத வச்சிருக்கிறவனப் பத்தி நான் சொன்னதுல ஒண்ணும் மாத்தமில்ல.” வாங்கிக்கொண்டார். மதம் மாறியவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன் காரின், அவர்களில் யாரும் மச்சான் முன்னிலையில் மாறியதாக நினைவில்லை. இருபது கெஜத்தில் இப்போது அம்புகள் ஒரு சாசருக்குள் விழுகின்றன. நேற்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

நடந்து நடந்து கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். வேலைக்கு ஷூ வாங்கும்போது மாலையில் போ, கால் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டு நடந்து பார், கூட வேலை செய்கிறவள் சொன்ன பெயரைக் கேட்டு வாங்காதே. நன்றாகத் தூங்கு. இரவுப் பணியும் உன்னைச் சோர்வாக்காமல் கடவுள் காக்கட்டும். அப்பாவின் பிறந்தநாள் இருபத்தாறாம் தேதி, மறக்காமல் பேசு, தொப்பி மட்டும் வாங்கி அனுப்பாதே.

என்றும் உன்,
அம்மா வெர்னா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வேட்டை தொடங்கிவிட்டது. முதல் நாள் காலை ஏழரைக்கு அப்பாவுக்கு ஒரு பெண் மான், பதினெட்டு கெஜத்தில். டுவெய்ன் மாமா, மச்சான் வைத்திருக்கும் கம்பெனி தனக்கு வேண்டாமாம், தன் வில்லை விற்பனைக்குப் போட்டிருக்கிறான்.