ஆறாவதாக வந்த சொல்

26-10-1998, திங்கள்

பாட் இன்றும் விழுந்து கிடந்தது. மேற்கு மாம்பலத்தில் இந்தக் கல்யாணத் தகவல் நிலையத்துக்காக நான் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்; ரோபோ என்பதன் சுருக்கம்தான் பாட். சாட் அறைக்கு வருகிறவர்களிடம் விவரம் வாங்கி வரன் பொருத்திச் சொல்லும். பெயர், வயது, நட்சத்திரம், கோத்திரம், ஈமெயில் என்று ஒரே வரியில், நடுவில் இடம் விட்டு, வரிசையாக ஐந்து சொல் வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ‘ராங் நம்பர் ஆஃப் ஆர்குமென்ட்ஸ்’ என்று எழுதிவிட்டுப் படுத்துவிடும். டெட்ராய்ட்காரர் ஒருவர் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் இடம் விட்டார். போச்சு.

பிரணவ் போன் செய்தான். தீபாவளி கழித்து வீட்டில் நம்மைப் பற்றிச் சொல்கிறேன் என்றவன், இப்போது கார்த்திகை தீபம் கழியட்டும் என்கிறான். நாலு வருஷப் பழக்கம். என் வேலை கல்யாணக் கம்பெனியில் என்று அவனிடம் சொல்லக் கூச்சம். சாஃப்ட்வேர் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

30-10

வயது எண்தானே? எண்ணுக்கு முன்னால் வருவதெல்லாம் பெயர் என்று மாற்றினேன். இனிஷியல் தொல்லை தீர்ந்தது.

3-11, செவ்வாய்

சோதித்துப் பார்க்க என் விவரத்தையே அடித்தேன். ஜெசிந்தா, 25, ஈமெயில். மூன்றே சொல். நட்சத்திரத்துக்கும் கோத்திரத்துக்கும் பட்டினப்பாக்கத்து மீன்காரி மகள் எங்கே போவாள்? பாட் விழுந்தது. குறைவாக வந்தாலும் வாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றவா என்று முதலாளி வெங்கடரமணனைக் கேட்டேன்.

“நம்மகிட்ட அப்படி யாரும் வரமாட்டாம்மா. அதுக்குப் போய் ஏன் மெனக்கெடறே?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

11-11

மழை. ஸ்டேஷன் வாசலில் முழங்கால் தண்ணீர். நனைந்து வீட்டுக்கு வந்தால் அம்மா பிடித்துக்கொண்டாள். “இன்னாடி, அந்த ஐயரு புள்ள வூட்ல சொன்னானா இல்லியா? பிரசாத் வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” பிரசாத் பக்கத்துத் தெரு, படகு எஞ்சின் மெக்கானிக், என்னைப் பெண் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸ் வரை பொறும்மா என்றேன்.

20-11, வெள்ளி

காலையில், யார் என்ன அடித்தார்கள் என்று பாட் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். நேற்று மாலை ஒரே ஆள் மூன்று முறை அடித்து, மூன்று முறையும் பாட் விழுந்திருக்கிறது. ஐந்து கேட்ட இடத்தில் ஆறு. கோத்திரம் ‘நைத்ருவ காச்யப’. இரண்டு சொல்லாக அடித்ததில் காச்யப ஈமெயில் இடத்தில் உட்கார்ந்துகொள்ள, ஈமெயில் ஆறாவதாக நின்றது.

அந்த ஈமெயில் எனக்குத் தெரியும். போன வருஷம் அதைத் திறந்து கொடுத்ததே நான்தான். பிரணவ், 27, அனுஷம்.

விழுந்த பாட் தானாக எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆகும். நடுவில் ‘ஹலோ, யாராவது இருக்கீங்களா, ப்ளீஸ்’ என்று வேறு அடித்திருக்கிறான். — எங்கம்மாவ ஒரு தடவ வந்து பாருன்னு எத்தினி வாட்டி கூப்ட்டேன், வந்தியாடா? இதுக்கு மட்டும் கால் மணி கால் மணியா காத்துக்கினு இருந்தியா? பாவி.

21-11

மானங்கெட்ட மனசு. போன் அடித்தால் இன்னும் திரும்பிப் பார்க்கிறது.

24-11, செவ்வாய்

“யாரோ ஆர்.ஏ.புரம் பையன், மூணு தடவை ட்ரை பண்ணியும் ஏறலையாம். போன் பண்ணிக் கேட்டான். சட்டுனு பாரும்மா, நல்ல இடம்” என்றார் வெங்கடரமணன்.

நல்ல இடம்!

நட்சத்திரத்துக்கும் ஈமெயிலுக்கும் நடுவில் எத்தனை சொல் வந்தாலும் கோத்திரம் என்று மாற்றினேன். நாலு வரிதான். முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? வேலையைத் தப்பாகச் செய்ய எனக்கு வரவில்லை. அதற்கும் அவன்மேல்தான் கோபம் வருகிறது. லாகில் இருந்த அவன் வரியையே எடுத்துத் திரும்ப அடித்தேன். பாட் விழவில்லை. நன்றி என்றது.

4-12, வெள்ளி

கார்த்திகையும் போயிற்று. லஸ் பூங்காவுக்கு வரச் சொன்னான். போனேன்.

“ஆத்துல அப்பாக்கு பிரஷர், ஜெஸ்ஸி. பொங்கல் வரைக்கும் டைம் குடு. உன்னைத் தவிர வேற யாரையும் நான் நினைச்சுக்கூடப் பாக்கலை.”

“உன் பேர் பதிவாயிடுச்சு” என்றேன். “ஒன்பது பொண்ணு பொருந்தி வந்திருக்கு. நாளைக்கு லிஸ்ட் அனுப்புவாங்க.”

முகம் வெளுத்துப்போனது. அம்மா சொன்னா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, நீ தப்பா எடுத்துக்காதே என்று என்னென்னவோ சொன்னான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். பின்னாலேயே வந்தான்.

“அது வொர்க்கே ஆகலையே ஜெஸ்ஸி. யார் சரி பண்ணா?”

“நான்தான்” என்றேன்.