ஃப்ரீசரில் வைத்த வெண்கல வளையம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம், அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் விட்டதா? போனில் கேட்டால் ஒண்ணுமில்லம்மா என்று மழுப்புவாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் எதைச் சொல்ல? அதனால்தான் இந்தக் கடிதம்.

கண் போனதிலிருந்து அப்பா காரில் ஏறவே இல்லை. நான் இந்த வயதில் லைசென்ஸ் வாங்கி வந்து நின்றபோதும் நீ போயிட்டு வா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனுஷன் இப்படியே நாற்காலியோடு ஒட்டிப்போய்விடுவாரோ என்று பயந்தேன். டிரைவிங் ஸ்கூலில் நான் கியர் வண்டியில்தான் பழகினேன், அதை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. உனக்கு ஆறு வயது இருக்கும்போது முன்சீட்டில் நடுவில் உட்கார்ந்துகொள்வாய், அப்பா கிளட்சை மிதித்து ம் என்றதும் இரண்டு கையாலும் கியர் போடுவாய், ஞாபகம் இருக்கிறதா? பிறகு அவருக்கு முட்டி உடைந்து, கிளட்சை மிதிக்க முடியாமல் போனதால் வண்டியை ஆட்டோமேட்டிக்காக மாற்றினோம். இது காரே இல்லை, ஊஞ்சல் என்று ஒரு மாதம் முணுமுணுத்தார். பழைய கியர்பாக்ஸை மட்டும் விற்க விடாமல் ஷெட்டில் மூடி வைத்திருந்தார். அதைத்தான் திரும்ப மாட்டச் சொன்னேன்.

மாட்டியது நாம் அவசரம் என்று பட்டப்பெயர் வைத்த ஆள்தான், செருப்பைக் கழற்றுவதற்குள் காபியைக் குடித்து முடிக்கிற அதே மெக்கானிக். எல்லாம் பூட்டிய பிறகு கிளட்சை மிதித்தால் முதல் கியர் விழவே மாட்டேன் என்கிறது, கர்ரென்று ஒரே சத்தம். அவர் கிளட்ச் பிளேட்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார், பைலட் புஷ் போட்டீங்களாய்யா என்று. அவசரம் நாக்கைக் கடித்துக்கொண்டார். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெண்கல வளையம் அது. எஞ்சின் தண்டின் பின்முனையில் ஒரு குழி உண்டு, அதில் அது உட்காரும், கியர்பாக்ஸ் தண்டின் நுனி அதற்குள்தான் ஆடாமல் நிற்கும். ஆட்டோமேட்டிக்குக்கு வேண்டாம் என்று அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். இப்போது போட மறந்ததால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதாயிற்று.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே ஷெட்டுக்கு வந்துவிட்டார். புது வளையத்தை ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப் போட்டார், அதுவும் என் எவர்சில்வர் டம்ளரில். பிறகு துடைத்து, குளிர்ந்தா கொஞ்சம் சுருங்கும் என்று ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட் மேல் வைத்தார். டம்ளருக்காகக் கத்தினேன், உள்ளுக்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலை எழுபது வயதில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, விரலால் குழியைத் தடவி, வளையத்தை வைத்து, மரக்கட்டையைக் கொடுத்துத் தட்டினார். சுத்தியலோடு வந்த அவசரத்தைத் தள்ளுய்யா என்றார். தட்டத் தட்டச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது, கடைசியில் உட்கார்ந்துடுச்சு என்றார்.

எல்லாம் பூட்டி வண்டியைக் கிளப்பியதும், கிளட்சை மிதிக்க வருது, கையும் சேர்ந்து வரமாட்டேங்குது, நீங்க வந்து கியர் போடுங்க என்று அப்பாவைக் கூப்பிட்டேன். கதவைத் தடவித் திறந்து ஏறிவிட்டார். நான் ம் என்றேன், கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. இப்போது தினமும் மைதானத்தை இரண்டு சுற்று சுற்றுகிறோம். உன் இடத்தை அவர் பிடித்துக்கொண்டார், நீ வந்தால் பின்சீட்டுதான், கோபித்துக்கொள்ளாதே.

வெந்நீர் குடி, வேளைக்குச் சாப்பிடு. நீ நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நேற்று அப்பா என்னிடம், உனக்குக் கை பழகினதும் சொல்லு, நான் வீட்டிலேயே இருந்துக்கறேன் என்றார். இந்த ஜென்மத்தில் எனக்குப் பழகாது என்று சொல்லியிருக்கிறேன். போனில் நீ எதையாவது உளறிவைக்காதே.

இப்படிக்கு,
கியர் போடத் தெரியாத
உன் அம்மா