ஒரே மிதியில் நிற்கும் வண்டி

என் ஆசை அண்ணா,

உன்மேல் கோபமாக இருக்கிறேன். இறந்தவனிடம் என்ன கோபம் என்று கேட்பாய். வேறு யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது, சொல்?

நீ போன பிறகு உன் பழைய பியட் காரின் சாவியை அண்ணி என்னிடம்தான் கொடுத்தார். விற்க அவருக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று போய் வருவது என்று முடிவு செய்தேன். போன மாதம், முதல் தடவை கிளம்பியபோதே, முத்தியால்பேட்டை மார்க்கெட் பக்கம் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போய்விட்டது. கை பிரேக்கை இழுத்துப் பிடித்து, ஒரு தர்பூசணி வண்டிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். வண்டிக்காரர் திட்டிய திட்டு உன் காதுக்கே கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே வலது காலால் தரையை மிதிக்கிறேன். அண்ணிக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடி பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் யூசுப் பாய், வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டார். பாதி கரைந்தது. பாதி கரையாமல் மேலே மிதந்தது.

"ரெண்டு ஆயிலு கலந்து கெடக்குதும்மா. கரையறது சாதா ஆயிலு. மெதக்கறது சிலிகான். இத யாரு ஊத்துனது?"

யார் ஊற்றியிருப்பார்கள்? டிக்கியில் பாதி காலியான சிலிகான் பாட்டில் கிடந்தது. பிரான்சிலிருந்து வந்த உன் சிநேகிதர் கொடுத்தது என்று அண்ணி சொன்னார். சாதா ஆயில் சிந்தினால் பெயிண்ட் உரிந்துவிடும், சிலிகான் ஒன்றும் செய்யாது. அந்த வெண்ணெய் நிறத்தை நீ துடைத்த துடைப்பு எனக்குத் தெரியாதா?

"சிலிகானுக்கு மாத்தலாம்மா, தப்பில்ல. ஆனா பழச சுத்தமா கழுவி எடுத்துட்டு, ரப்பர் பூரா புதுசு போட்டுட்டுதான் ஊத்தணும். உங்கண்ணன் பழசு மேலயே ஊத்தியிருக்காரு" என்றார் பாய். கழற்றிய பிரேக் சிலிண்டருக்குள் கஞ்சிபோல ஏதோ படிந்திருந்தது. ரப்பர்கள் ஊதிப்போயிருந்தன.

எல்லாவற்றையும் கழுவிப் புதுசு போடுவது என்று முடிவானது. அப்புறம் எந்த ஆயில்? "சிலிகான் தண்ணிய இழுக்காது, நின்னே கெடக்கற வண்டிக்கு நல்லது. ஆனா கொழாய்க்குள்ள சிக்குன காத்த எடுக்கறது செரமம், பெடலு கொஞ்சம் மெத்துனு இருக்கும். சாதா ஆயிலுன்னா பெடலு கெட்டியா இருக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தியே ஆவணும்."

"சாதாவே ஊத்துங்க பாய்" என்றேன். பெயிண்ட்டைப் பற்றி அவர் வாய் திறக்குமுன், "பெயிண்ட் போனா போவட்டும்" என்றும் சொல்லிவிட்டேன். உனக்கு வலித்ததா? வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஊற்றும்போது ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்து, துடைப்பதற்குள் தடமாகிவிட்டது.

நேற்று அண்ணியோடு குருசுக்குப்பம் வரை போனேன். குறுக்கே ஒரு நாய் ஓடியது. மிதித்தேன். வண்டி நின்றது.

அண்ணி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன செல்வி, ஒரு மிதியிலயே நின்னுடுச்சு? உங்கண்ணன் மூணு நாலு தடவ மிதிப்பாரே. இந்த வண்டிக்கு அப்டிதான்னு சொல்லுவாரு."

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணா. மூன்று நாலு தடவை மிதித்தால்தான் நிற்கும் என்று தெரிந்தே, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாய். அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்தாயா? தினமும் துணியும் கையுமாக வெளியே துடைத்தாயே, உள்ளே ஒரு தடவை திறந்து பார்க்க உனக்கு என்ன கேடு?

"புது ரப்பர் போட்டிருக்கு அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அவரு இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், நானே கூட நின்று ஆயில் மாற்றுவேன். மட்கார்டில் விழுந்த தடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க மாட்டேன். அண்ணி முன்சீட்டில்தான் உட்காருவார். அவருக்கு உன்மேல் இருக்கிற நம்பிக்கை என்னால் குலையாது. அதற்குத் தகுந்த மாதிரி இனி நான் ஓட்டுகிறேன்.

கோபம் இன்னும் தீராத,
உன் தங்கை செல்வி