அன்று ட்ராக் ஓடியதா?

நேற்று குர்லாவில் மாறி செம்பூர் போகும் வண்டியில், எதிர் சீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் வயலின் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவர் என்னவோ நல்ல மனிதர்தான், என் சுபாவம் அப்படி; உனக்குத் தெரியாததா? ஆனால் அந்த வாசனை வந்ததும் நீ பக்கத்தில் நிற்பது போல் ஆகிவிட்டது. மேடையேறும் முன் நீயும் ஒன்றை அடக்கிக்கொள்வாய். தொண்டைக்கு நல்லது என்பாய். பாடாதவனுக்குத் தொண்டையைப் பற்றி என்ன கவலை என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

தாராவி சர்ச்சில் கொயர் பாட்டுக்குழு நடத்தியவன் நீ. ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களில் என்னோடு ஒரே ஸ்டாண்டில் இருந்த நோட்ஸைப் பார்த்து வயலின் வாசித்தவன். கம்ப்யூட்டர் வந்து நம்மையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியபோது நீ புதிதாக ஒன்றைப் பிடித்தாய். திரையில் பழைய படம் ஓடும், வசனம் படத்திலிருந்து வரும், இசை முழுவதையும் மேடையில் நாங்கள் வாசிப்போம். கதாநாயகி கதவைத் திறக்கும்போது எங்கள் வில்லும் இறங்க வேண்டும். உன் காதில் தாளம் சொல்லும் ஒயர், கண்ணெதிரே குட்டித் திரை, கையில் குச்சி. கண்டக்டர் ஆகிவிட்டேன் என்று நீ வீட்டில் சொன்னபோது உன் அம்மா எந்த ரூட் என்று கேட்டாராம்.

இந்தத் தொழிலில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு: ட்ராக். முன்பே பதிவு செய்த இசையை அரங்கத்து ஸ்பீக்கரில் விட்டுவிடுவது. மேடையில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்து வாசிப்பார்கள், ஜனங்கள் கேட்பதோ பெட்டியிலிருந்து வருவதை. "நம்ம ஷோவுல அந்தப் பேச்சே கெடையாது" என்பாய். நம்பினேன், அந்த ரயில் நிலையக் காட்சி வரைக்கும்.

கணவன் வந்து இறங்காத பிளாட்பாரத்தில் கதாநாயகி நிற்கிறாள். அங்கே என் வயலின் மட்டும் தனியாக வர வேண்டும். வில்லை வைத்ததும் தந்தி அறுந்து முகத்தில் அடித்தது. நீ என்னைப் பார்த்தாய். உடனே உன் இடது கை குழல்காரர் பக்கம் போயிற்று. அவர் என் வரியை எடுத்து வாசித்தார். நான் வில்லை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷோ முடிந்ததும் பாண்டுப்பிலிருந்து வந்திருந்த என் மச்சினன் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தான். "அத்திம்பேர், அந்த ஸ்டேஷன் சீன்ல உங்க வயலின் இருக்கே, அழுதுட்டேன் போங்கோ!" நான் வாசிக்கவே இல்லையே. அப்படியானால் அவன் கேட்டது யாருடைய வயலின்?

நேராக உன்னிடம் வந்தேன். "ட்ராக் போட்டியாடா?"

நீ சிரித்தாய். என் பேட்டையின் பெயர்தான் நீ என்னைக் கூப்பிடும் பெயர். "ஏல மாட்டுங்கா, ஒம் மச்சினனுக்குக் கொழல் எது, வயலின் எதுன்னு தெரியுமால? அவன் அழுதாம்லா, அது போதும்."

இல்லை என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஷோவிலும் சவுண்ட் மேஜைப் பக்கம் என் கண் போகும். அங்கே இருந்தவரிடம் கேட்டால், "சாப் கோ பூச்சோ" என்று உன்னைக் கேட்கச் சொல்லிக் கைகாட்டுவார். நீ தோளில் தட்டினால் எதை மறைக்கத் தட்டுகிறாய் என்று தோன்றும். இத்தனை வருஷம் நான் வாசித்தது ஒருவர் காதிலாவது விழுந்ததா என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டுவிட வாயெடுத்தேன். நீயே முந்திக்கொண்டாய். "இன்னும் அதையே நெனச்சிட்டுக் கெடக்கியால?" அப்போதும் சிரிப்புத்தான்.

நீ போன பிறகு செம்பூர்ப் பையன் ஒருவன் உன் இடத்துக்கு வந்திருக்கிறான். கெட்டிக்காரன். முதல் ஒத்திகையிலேயே என்னிடம் சொன்னான்: "அங்கிள், டென்ஷன் வேண்டாம். அடியில ட்ராக் ஓடுது. நீங்க விட்டாலும் ஆடியன்ஸுக்குத் தெரியாது." ஷோவில் ரயில் நிலையக் காட்சி வந்தபோது என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். அவன் சட்டை மடிப்புக் கலையவில்லை. முகத்தில் துளி பயம் இல்லை.

அப்போதுதான் உன் முகம் ஞாபகம் வந்தது. தந்தி அறுந்ததும் நீ வெளிறிப்போனாய். கடைசியில் ஜனங்கள் பக்கம் திரும்பி நீ வணங்கியபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. அடியில் ட்ராக்கை ஓடவிட்டவனுக்கு அவ்வளவு பயம் எதற்கடா? நீ பொய் சொல்லவில்லை என்று இப்போது நம்புகிறேன். முக்கால்வாசி நம்புகிறேன். மீதியை என் சுபாவத்தில் சேர்த்துக்கொள்.

நேற்று ஷோவுக்கு முன் அந்தப் பையனிடம் சொன்னேன், என் தனி வயலினுக்கு மட்டும் ட்ராக்கை நிறுத்திவிடு என்று. "ரிஸ்க், அங்கிள்" என்றான். பிடிவாதம் பிடித்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். ஆட்டினானே தவிர, நிறுத்துவான் என்று நான் நம்பவில்லை.

காட்சி வந்தது. உன் பயம் இப்போது எனக்கு வந்துவிட்டது. வில்லை வைக்கவே தயங்கினேன். இரண்டாவது வரியில் ஒரு சுரம் பிசகிவிட்டது, நன்றாகவே பிசகிவிட்டது. முன்வரிசையில் திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

கேட்டிருக்கிறதடா.